கிராமர் மிஸ் வீடியோ எடுத்த படலம்

வாழி அவள்! வினைச்சொற்களின் வேரறிந்தவள், ஒருமை பன்மைக் குற்றங்களைச் செங்குருதி நிகர்த்த சிவப்பு மையால் கொன்று குவித்தவள், வாக்கியத்தின் வாலில் ஒரு முற்றுப்புள்ளி குறைந்தாலும் புருவத்தை வில்லென வளைத்து எதிரே இருப்பவனை நடுநடுங்கச் செய்தவள், டயர்க்கடை மாடியில் தகரக் கூரையின்கீழ் விளங்கிய டியூஷன் சென்டரின் தனிப்பெருந் தலைவி, மாணவர் கூட்டம் அச்சத்தோடும் அன்போடும் 'கிராமர் மிஸ்' என விளித்த ஆங்கில ஆசிரியை, தன் கைப்பேசியோடு பொருத பெரும்போரைப் பாடப் புகுந்தோம். சொல்லின் செல்வியே, எம் நாவின் சார்ஜ் நடுவழியில் தீர்ந்துவிடாமல் காத்தருள்க!

மணவாழ்க்கை என்னும் மரக்கலம் பாறையில் மோதிச் சிதறிய பின்னர், இரண்டு பெட்டிகளையும் தலையணை பருமனுள்ள ஓர் அகராதியையும் மட்டும் மீட்டுக்கொண்டு அவள் தன் அண்ணன் வீட்டில் கரையேறியிருந்தாள். அண்ணன் அன்பின் உருவம். ஆயினும் காலையில் ஆபீஸ் என்னும் குகைக்குள் புகுந்தால் விளக்கு வைத்த பிறகே வெளிப்படுபவன். ஆதலின் அம்மூன்றாம் மாடி வீட்டின் மணிமுடி அண்ணியின் தலையிலேயே இருந்தது. தையல் மெஷினும் துணி மூட்டைகளும் வீற்றிருந்த சின்ன அறையை நாத்தனாருக்கென ஒழித்துத் தந்த வள்ளலும் அவளே. அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் நெடுமூச்சு ஒன்றை எறிந்து, தந்ததை நினைவூட்டியவளும் அவளே.

இவ்விருவருக்கும் இடையே பகை மூண்ட வரலாறு கேண்மின். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலே, சித்தப்பா ஒருவரின் கல்யாண நாளுக்கு அண்ணி ஆங்கிலத்தில் வாழ்த்து எழுதினாள். பூங்கொத்து, கேக், கைகூப்பு எல்லாம் குறைவின்றி அமைந்த அவ்வாழ்த்தில் ஓர் எழுத்து மட்டும் காணாமற்போயிற்று. இரை கண்ட பருந்தெனக் கிராமர் மிஸ்ஸின் கட்டைவிரல் தானாகவே பாய்ந்தது. ஊரிலுள்ள உறவெல்லாம் பார்த்திருக்க, சரியான ஸ்பெல்லிங் கீழே பளிச்சென்று வந்து விழுந்தது. மாமா ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டார். அவ்வளவே! அன்று முதல் இரு பெண்ணரசியரும் ஒரே மேஜையில் எதிரெதிரே அமர்ந்தும், தம்முள் பேசாராகி, நடுவே அமர்ந்த அண்ணனையே தூதாக்கினர்.

"அவங்களுக்குச் சட்னி வேணுமான்னு கேளுங்க."

"போதும்னு சொல்லிடுண்ணா."

"ரெண்டு பேருக்கும் காது கேக்குதுல்ல?" என்று அத்தூதன் ஒருநாள் வெகுண்டும், போர்நிறுத்தம் ஏற்படவில்லை.

இந்நிலையில்தான், திரைகடலுக்கு அப்பாலுள்ள பள்ளி ஒன்று ஆங்கிலம் கற்பிக்க ஆள் தேடுவதை அவள் கண்டதும், விண்ணப்பித்ததும், சான்றிதழ்கள் அனைத்தும் தேறியதும் நிகழ்ந்தன. இறுதிச் சோதனை ஒன்றே எஞ்சியது. தன்னைப் பற்றியும், வெளிநாட்டில் கற்பிக்க விரும்பும் காரணம் பற்றியும் மூன்று நிமிடம் பேசி வீடியோ அனுப்ப வேண்டும்; வெட்டி ஒட்டக் கூடாது; அன்று மாலைக்குள் வந்து சேர வேண்டும்; எல்லாவற்றிற்கும் மேலாக, இயல்பாக இருக்க வேண்டும். இயல்பு! கணக்கற்ற பிள்ளைகளை அடக்கியாண்ட அவ்வீராங்கனை, இந்தச் சொல்லின் முன் முதன்முறையாக வியர்த்தாள்.

வியர்த்தும் துணிந்தாள். இஸ்திரியின் வெம்மை இன்னும் ஆறாத நீலச் சட்டையைக் கவசமெனப் பூண்டாள். சுவரில் உதிர்ந்த சுண்ணாம்பை மறைக்கப் படுக்கை விரிப்பைக் கொடியென உயர்த்தி, துணிக் கிளிப்புகளால் இறுக்கினாள். நாற்காலியின்மேல் அகராதி, அகராதியின்மேல் பிஸ்கட் டின், டின்னின்மேல் பவுடர் டப்பா, டப்பாவில் சாய்ந்தபடி கைப்பேசி எனக் கோபுரம் ஒன்றை எழுப்பினாள். சிவப்புப் பொத்தானைத் தொட்டு, மும்முறை மூச்சிழுத்து, வாய் திறந்தாள்.

திறந்த அக்கணமே, குளியலறை வாசலில் நெடுநேரமாகத் துணிகளை மென்றுகொண்டிருந்த வாஷிங் மெஷின், பிழியும் கட்டத்தை எய்தி, மதங்கொண்ட யானை நிலத்தை மிதித்ததுபோல் அதிர்ந்தது. தரை நடுங்கிற்று, தரை நடுங்க நாற்காலி நடுங்கிற்று, கோபுரம் சரிந்தது, கைப்பேசி குப்புற வீழ்ந்து, கட்டிலின் அடிப்புறத்தைப் படம்பிடித்தபடி கிடந்தது. முதற்போரில் தோல்வி.

மெஷின் ஓய்ந்ததும் இரண்டாம் போர் தொடங்கிற்று. பெயரைச் சொன்னாள், அனுபவத்தைச் சொன்னாள், வாக்கியங்கள் அணிவகுத்து நடந்த அவ்வேளையில், மேல்மாடி வீட்டுக்காரர் சுவரில் அலமாரி மாட்டும் திருப்பணியைத் தொடங்கி, துளைக்கும் மெஷினை முடுக்கினார். "ட்ர்ர்ர்ர்" என்னும் அவ்வொலி கூரையைத் துளைத்து, செவியைத் துளைத்து, இறந்தகால வினைமுற்றைத் துளைத்து, எதிர்கால ஆசையையும் துளைத்தது. அதிர்வு தாங்காமல் படுக்கை விரிப்பு அவள் தலைமேல் முழுமையாக இறங்கி, வீராங்கனையைப் பேயுருவாக்கியது.

ஆனால் அறிவீர்! மெஷின்களால் வீழ்த்தப்படாதவள் தன் நாவாலேயே வீழ்ந்தாள். மாடியில் சற்று ஓசை அடங்கிய இடைவெளியில், மூன்றாம் முறை அவள் பேசலானாள். பேச்சு ஆறெனப் பெருகிற்று. முகத்தில் ஒளி கூடிற்று. முடிவு நெருங்கிய தருணத்தில், தன் பயிற்றும் அனுபவத்தைப் பற்றிச் சொல்லப் புகுந்து, "ஐ ஆம் ஹேவிங்" என்றாள்.

என்றாள்! எந்தத் தொடரைச் சொன்ன குற்றத்துக்காகப் பிள்ளைகளை நூறு முறை எழுதச் செய்தாளோ, எந்தத் தொடரைக் கரும்பலகையில் எழுதி நடுவில் பெருக்கல் குறியிட்டுத் தூக்கிலேற்றினாளோ, அதுவே அவள் வாயிலிருந்து அரசிபோல் எழுந்தருளிற்று. கோட்டையைக் காத்தவளே கதவைத் திறந்துவிட்டாற்போல் திகைத்து, கிராமர் மிஸ் கட்டிலின் காலடியில், தரையில், இஸ்திரி கலையச் சரிந்து அமர்ந்தாள். சிரிப்பு வரவில்லை. வெளியே வெயில் சாயத் தொடங்கியிருந்தது. இவ்வேலை தப்பினால் அடுத்து எப்போது என்று அவளுக்குத் தெரியாது. டயர்க்கடை மாடியும் இந்தச் சின்ன அறையும் அந்தப் பெருமூச்சுமாக, இப்படியே தலை நரைக்கும் என்று தோன்றியது. கண்கள் தாமே நிறைந்தன.

அவ்வமைதியை அடுக்களையிலிருந்து கேட்டாள் அண்ணி. சத்தத்தைவிடச் சத்தமின்மை அவளுக்குச் சங்கடம் தந்தது போலும். ஈரக் கையைத் துடைத்தபடி வாசலில் வந்து நின்றாள். தூதன் இல்லை. நேரே பேசினாலன்றி வழியில்லை.

"என்னாச்சு?"

பகைவர் நாவிலிருந்து நெடுநாளுக்குப் பின் புறப்பட்ட அந்த ஒற்றைச் சொல், முற்றுகையிட்ட கோட்டைக்குள் விழுந்த வெள்ளைக்கொடி ஆயிற்று.

"ஒண்ணுமில்ல அண்ணி. என்னால முடியல. விட்டுடலாம்னு பாக்குறேன்."

"எதை விடுறது? காலையிலேர்ந்து சட்டை இஸ்திரி போட்டுட்டு விடுறதாம். மெஷினை அப்பவே நிறுத்தச் சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்ல? வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

இவ்வாறு உரைத்த அண்ணி, மாடியில் மீண்டும் எழுந்த "ட்ர்ர்ர்" ஓசையைக் கேட்டாள். கண்கள் சிவந்தன, கொண்டை இறுகிற்று. கையிலிருந்த துடைதுணியைத் தோளில் எறிந்து, படிக்கட்டின் நடுவே நின்று, மேல்நோக்கி முழங்கிய வஞ்சினம் இது:

"அண்ணாச்சி! என் நாத்தனார் ஃபாரின் வேலைக்குப் பேசிட்டிருக்கா! ஒரு மணி நேரத்துக்கு இங்க ஒரு சத்தம் கேக்கக் கூடாது! மீறிக் கேட்டுச்சு, நானே மேல வந்து அலமாரியை மாட்டிட்டுப் போவேன், எங்க மாட்டுவேன்னு சொல்ல மாட்டேன்!"

இடி முழக்கத்துக்கு அஞ்சிய நாகம்போல் மெஷின் அடங்கிற்று. "சரிங்கம்மா, நல்லபடியா பேசச் சொல்லுங்க" என்னும் சரணாகதிக் குரல் மட்டும் மேலிருந்து இறங்கிற்று.

நாத்தனார் என்ற சொல்லை அண்ணி அத்துணை உரிமையோடு உரைத்ததை அறைக்குள் இருந்தவள் கேட்டாள். கேளாதவள்போல் தலை வாரினாள். திரும்பி வந்த அண்ணி, கோபுரத்தைக் காலால் ஒதுக்கிவிட்டுக் கைப்பேசியைத் தன் கையிலேயே ஏந்தினாள்.

"பேசு. நான் புடிச்சுக்கிறேன்."

பேசினாள். பிழையில்லை, தடையில்லை. ஆயினும் பாதியிலேயே அண்ணி கையைத் தாழ்த்தினாள்.

"இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரியும். ஆனா நீ ஒப்பிக்கிறது முழுசா புரியுது. ஏன் அங்க போகணும்னு கேட்டிருக்காங்கல்ல? தமிழ்ல சொல்லு. எனக்குச் சொல்லு."

வாய்ப்பாடான விடைகள் அனைத்தும் அக்கணம் படையை விட்டு ஓடின. கிராமர் மிஸ் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"எனக்குன்னு ஒரு கதவு வேணும் அண்ணி. அதுக்கு ஒரு சாவி, என் கையில. அப்புறம், பாடம் எடுக்குறப்போ மட்டும்தான் நான் யாருக்கும் பாரமில்லன்னு தோணுது. அங்க போய் நாளெல்லாம் அப்படியே இருக்கலாம்ல?"

அண்ணி தோளிலிருந்த துடைதுணியை எடுத்தாள். அதன் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மீண்டும் மடித்தாள். அந்தப் பெருமூச்சுகள் போய் எங்கே தைத்திருந்தன என்பதை இப்போது அறிந்தாள் போலும்.

"பாரம்னு யார் சொன்னா? நான் சும்மா மூச்சு விடுறதெல்லாம் கணக்கு வெச்சுக்கிட்டியா?" என்றாள். "நீ போயிட்டா நான் யாரோடடி சண்டை போடுறது? உங்கண்ணன் சண்டைக்கும் லாயக்கில்ல."

"வாட்ஸ்அப் இருக்கே அண்ணி."

"அதுல ஸ்பெல்லிங் திருத்துவ."

இருவரும் சிரித்தனர். மடை உடைந்தாற்போல், அணை பிளந்தாற்போல், விலா நோவச் சிரித்தனர். சிரிப்பின் நடுவே கிராமர் மிஸ் ஈரக்கண்ணோடு, "அன்னிக்கு நான் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது" என்றாள். "எழுத்தை நானும் முழுங்கியிருக்கக் கூடாது" என்றாள் அண்ணி. அந்தச் சிரிப்பு இதழோரத்தில் வற்றுமுன்பே அண்ணியின் விரல் சிவப்புப் பொத்தானைத் தொட்டது. மனப்பாடம் ஏதுமின்றி, கதவையும் சாவியையும் பிள்ளைகளையும் பற்றி, அவ்வப்போது சொல் தேடித் தயங்கியும், தயங்கியதற்குத் தானே நகைத்தும், கிராமர் மிஸ் ஆங்கிலத்தில் பேசி முடித்தாள். இடையே திரைக்கு அப்பாலிருந்து "சிரி, சிரி" என்று ஒரு கிசுகிசுப்பும் பதிவாயிற்று. வெட்டக் கூடாது என்பது விதி, வெட்டவில்லை.

இனி அனுப்பும் படலம். நீலக்கோடு ஒன்று திரையின் இடப்புறத்தில் முளைத்து, கிழட்டு ஆமையென ஊர்ந்து, நடுவழியில் உறங்கி, நெட் அறுந்து பின்வாங்கி, மீண்டும் ஊர்ந்தது. மாலைச் சூரியன் ஒருபுறம் இறங்க, கோடு மறுபுறம் ஏற, இரு பெண்ணரசியரும் ஜன்னல் கம்பிக்கு வெளியே கைப்பேசியை நீட்டிப் பிடித்து, ஒருவர் கை சோர்ந்தால் மற்றவர் ஏந்தி, மூச்சடக்கி நின்றனர். கோடு முழுமை எய்தியதும் அண்ணி அவள் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். அதுவே வெற்றி முரசம்.

அதன்பின் கழிந்த நாள்களில், கைப்பேசி சிணுங்கும்போதெல்லாம் அடுக்களையினின்று கரண்டியோடும் அறையினின்று சீப்போடும் இருவர் பாய்ந்து மோதிக்கொண்டதை என் சொல்வோம்! பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்வினை செயப்பாட்டுவினையின் நுண்மைகளைக் கடலுக்கப்பால் விதைக்கப் போகும் அப்பெருமாட்டியின் எதிர்காலம், ஒரு பகற்பொழுதில், இடியின்றி மின்னலின்றி, சிறு 'டிங்' ஒலியோடு மின்னஞ்சலாக வந்திறங்கியது. அண்ணி அவள் தோளைப் பற்ற, திசை எட்டும் செவி சாய்க்க, காற்றும் நின்று கவனிக்க, அதைத் திறந்தாள் வீராங்கனை.

வேலை கிடைத்துவிட்டது, மழலையர் வகுப்புக்கு ஏபிசிடி சொல்லிக்கொடுக்க வேண்டும், சம்பளம் பரவாயில்லை.