சேவியருக்கு நான் சேர்த்துவைத்த குடும்பம்

என்னிடம் டேட்டாபேஸ் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவேன். அசட்டுத்தனமாகக் கேள்வி கேட்டால் கணினி கோபித்துக்கொள்ளாது. அந்த அசட்டுத்தனத்தை வரிசை கட்டி, கோடு போட்டு, சுத்தமாக அச்சடித்துக் கொடுக்கும். நான் இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. ஒரு நல்ல பையனின் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

எழுபதுகளில் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. கணினி என்று பெரிதாகச் சொல்ல முடியாது. ஓட்டை போட்ட அட்டைகளை விழுங்கி, பிரித்து, ஒப்பிட்டு, அச்சடிக்கும் இயந்திரங்கள் இருந்தன. கணிதம் படித்து முடித்த கையோடு வந்தவளின் தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும் (அறைக்கு ஏ.சி. வேறு போட்டிருந்தார்கள்).

குடும்ப விழா வந்தது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் எத்தனை பிரியாணிப் பொட்டலம் என்று பட்டியல் வேண்டும். ஒரு பெட்டியில் தொழிலாளி அட்டைகள். இன்னொன்றில் மனைவி, பிள்ளைகள் விவரம் உள்ள குடும்ப அட்டைகள். பெயரை வைத்து இரண்டையும் இணைக்கலாம் என்றார் சூப்பர்வைசர். நான் சிரித்தேன். எங்கள் ஆட்கள் பாதிப்பேர் குடியிருந்த ராயபுரத்தில் நின்று 'அந்தோணி' என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். ஆளுக்கு ஒரு டோக்கன் நம்பர் இருக்கிறதே, அதை வைத்து இணைப்போம் என்றேன். பெயரை அடையாளமாக வைக்காதே என்று இன்றைய பாடப்புத்தகமும் சொல்லும். ஆனால் ஆள் போனால் நம்பரும் போய்விடுமா என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போகாது. அங்கே அப்பா ரிட்டையர் ஆனால் மகனுக்கு வேலை கொடுப்பார்கள். அப்பாவின் பித்தளை டோக்கனையே மகன் வாங்கி மாட்டிக்கொள்வான்; அதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை. கேட்டுக்கு வெளியே டீ குடிப்பவர்கள் வரை எல்லோருக்கும் தெரிந்த வழக்கம், எங்கள் ஏ.சி. அறைக்குள் மட்டும் நுழையவில்லை.

ஃபிட்டர் சேவியர் அப்படித்தான் அப்பா சூசையின் டோக்கனோடு வேலைக்கு வந்தவன். சூசையின் தொழிலாளி அட்டையை எடுத்துவிட்டார்கள். அவருடைய குடும்ப அட்டைகளை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. நான் போட்ட இணைப்பில் அவை நேராகப் போய் சேவியரிடம் ஒட்டிக்கொண்டன. கல்யாணமாகாத பையனுக்கு ஒரு மனைவி, நான்கு பிள்ளைகள், ஆறு பொட்டலம். நான்கில் ஒரு பிள்ளை சேவியரேதான்.

மொத்தக் கூட்டல் அழகாக வந்ததால் பட்டியலை கேட்டில் ஒட்டச் சொன்னேன். (ஒரு வரியை எடுத்து, அந்த ஆளைக் கூப்பிட்டு, 'உங்க வீட்டுல இத்தனை பேரா?' என்று கேட்டிருந்தால் போதும். புத்தி எங்கே போச்சு?) சேவியரைப் போல டோக்கன் வாங்கிய வேறு சிலரும் இருந்தார்கள். பொட்டலம் கூடுதலாக வருகிறதே என்று அவர்கள் வாயைத் திறக்கவில்லை.

சேவியருக்கோ கல்யாணம் நிச்சயமாகி, கோயிலில் முதல் ஓலை வாசித்திருந்தார்கள். கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பாதரிடம் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு அறிவிப்பது அவர்கள் வழக்கம். பெண்ணின் தாய்மாமன் எங்கள் பாய்லர் பிரிவில்தான் வேலை பார்த்தார். அவர் பட்டியலைப் பார்த்தார், நேரே பாதரிடம் போனார். இரண்டாம் ஓலை நின்றுவிட்டது.

மறுநாள் சேவியரின் அம்மா என்னைத் தேடி வந்துவிட்டார்.

"நீதான் அந்த மிஷின்காரியா? எம் புள்ளைக்கு பொண்டாட்டி கீதுன்னு போட்டுக்கீறியாமே. இன்னா பேரு அவளுக்கு? கூப்புடு, மூஞ்சிய பாக்கணும்."

மிஷின் பொய் சொல்லாது என்று நான் விறைப்பாகச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அட்டையையும் எடுத்து வந்து, மேலே அச்சாகியிருந்த பெயரை உரக்க வாசித்தேன்.

"பிலோமினா."

அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது நான்தாம்மா."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். அன்றே சேவியரைக் கூப்பிட்டுப் பேசிப் பிசகைத் தெரிந்துகொண்டு, சூப்பர்வைசரோடு பாதரிடம் ஓடினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஊரறியக் கெட்ட பெயர் ஊரறியத்தான் தீர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வந்து சொல் என்றார். பிள்ளையார் கோயிலைத் தாண்டாத மளிகைக் கடைக்காரர் மகளான நான் அதுவரை மாதா கோயிலுக்குள் கால் வைத்ததில்லை. கூட்டத்தின் முன்னால் நின்று, நம்பர் அப்பாவுடையது, குடும்பமும் அப்பாவுடையது, சேவியர் சுத்தமான பிரம்மச்சாரி என்று சொன்னேன்.

"அப்ப அவன் அவனுக்கே அப்பனா?" என்றார் தாய்மாமன்.

"ஆமாங்க" என்றேன்.

முதலில் சிரித்தது கல்யாணப் பெண் ரோஸ்லின். பிறகு கோயிலே சிரித்தது. எனக்கு உயிர் திரும்பி வந்தது.

குடும்ப விழாவுக்கு முன்பே எல்லோருக்கும் யாரோடும் பகிராத, திரும்ப யாருக்கும் கொடுக்காத புது எண் போட்டேன். டோக்கன் அட்டையில் இன்னொரு விவரமாக மட்டும் இருந்தது. ஆளை எடுத்தால் அவர் குடும்ப அட்டைகளையும் கூடவே எடுக்க வேண்டும் என்று விதியும் எழுதி வைத்தேன். பின்னாளில் வந்த டேட்டாபேஸ்களில் இதே விதிகளைப் பார்த்தபோது யாரோ என் மானத்தை வாங்குவது போலத்தான் இருந்தது.

கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. பிலோமினா அம்மா என் கையைப் பிடித்து இழுத்துப்போய், வந்தவர்களிடமெல்லாம் அறிமுகம் செய்தார். "இந்தப் பொண்ணுதான் எனக்கு ரெண்டாங் கல்யாணம் பண்ணி வெச்சுது."

பக்கத்தில் நின்ற சூசை பாவமாகக் கேட்டார். "அப்ப நான் யாரு?"

"நீதான் ரிட்டையர் ஆயிட்டியே."

அதன்பிறகு கடைசிவரை அந்த வீட்டில் சூசையால் அதிகாரமாக ஒரு காப்பி கேட்க முடியவில்லை. குரலை உயர்த்தினால் போதும், பேரப்பிள்ளைகள் வரை எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள்: "உன் கார்டத்தான் எடுத்துட்டாங்களே, தாத்தா."