உட்கார மறுத்த மாப்பிள்ளை

கட்டி வருவதற்கு உடம்பில் எத்தனையோ கௌரவமான இடங்கள் உண்டு. தோள் இருக்கிறது, முழங்கை இருக்கிறது. எனக்கு வந்தது உட்காரும் இடத்தில். அதுவும் பெண் பார்க்கப் போகிற வாரத்தில்.

1930களில் நான் மலாயாவில், பெக்கோக் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் சின்னக் கிராணி. (ஆபீசில் கணக்கு எழுதும் வேலை. கணக்கைவிட மீசையில்தான் கவனம் அதிகம்.) தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர் வந்திருந்தார். கட்டியைப் பார்த்துவிட்டு, “இண்டைக்கே கீறி விடலாம். நோகும், ஆனா கெதியாச் சுகம் வரும். அல்லாட்டி பத்துப் போட்டுப் பாக்கலாம், கொஞ்ச நாள் செல்லும். உமக்கு எது வசதி?” என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயைத் திற, கொய்னா மாத்திரையை விழுங்கு, போ. அதுவரை நான் கண்ட வைத்தியம் அவ்வளவுதான். என்னைக் கேட்கிறாரே, இவர் நிஜமாகவே படித்தவர்தானா?

“அவசரமா எங்கயாவது போக இருக்கோ?”

பக்கத்திலேயே, காயங்களுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் நின்றிருந்தார். பெண் பார்க்கும் சேதி அவர் காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுக்கப் பரவிவிடும். மேஜையில் கத்தி வேறு மினுங்கியது.

“எங்கயும் போகலீங்க, சார்!”

“அப்ப பத்துப் போடுவம்.”

இரண்டாம் நாள், பெக்கோக்கிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயிலில் நின்றுகொண்டே போனேன். ஊரை ஒட்டிய தம்போயில் பெண் வீடு. பெண்ணின் அப்பா பிரம்பு நாற்காலியைக் காட்டினார்.

“உட்காருங்க தம்பி.”

“இருக்கட்டுங்க.”

“ஏன், எங்க வீட்டு நாற்காலி மாப்பிள்ளைக்கு ஆகாதா?”

கூட வந்த மாமாவுக்கு மானம் போயிற்று. “ஒக்காருடா!” என்று என் இரண்டு தோள்களையும் பிடித்து அழுத்தினார். கட்டி உடைந்தது. “ஐயோ!” என்று அலறினேன். அந்த நொடியில்தான் காப்பித் தட்டோடு பெண் உள்ளே வந்தாள்.

“எம் பொண்ணப் பாத்து அலறுற அளவுக்கு என்னய்யா கண்டீங்க?” என்று அப்பா எழுந்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னேன்.

பெண் தட்டை வைத்துவிட்டுக் கேட்டாள்: “எங்கயாவது போகணுமான்னு டாக்டர் கேக்கலீங்களா?”

“கேட்டாரு.”

“நீங்க?”

“எங்கயும் போகலேன்னேன்.”

அவள் சிரித்த சிரிப்பில் அப்பாவின் கோபமே கலைந்துபோயிற்று.

சாயங்காலம் வரை அந்தக் கூடத்தில் குப்புறப் படுத்திருந்தேன். பெண் பார்க்கப் போனவன் நான்; அக்கம்பக்கத்தார் எல்லாம் வந்து என் முதுகைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் தன் அப்பாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது: “சரின்னு சொல்லிடுங்கப்பா. இவரு பொய் சொன்னா ஒடனே மாட்டிக்கிறாரு.”

கல்யாணம் நடந்தது. இன்றும் எங்கள் வீட்டில் யார் டாக்டரிடம் கிளம்பினாலும், “பொண்ணு பாக்கப் போறதா இருந்தா மறைக்காமச் சொல்லிடுங்க” என்பாள் என் மனைவி. போன மாதம் ஆறு வயதுப் பேத்தியை இருமலுக்காக அழைத்துப் போனோம். டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே பேத்தி கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்:

“நான் பொண்ணு பாக்கப் போகல, டாக்டர்.”