பச்சை விளக்கும் பாதித் தேங்காயும்

என் வீட்டில் யார் சொல்வதை யார் கேட்பது என்ற கேள்விக்கு, ஐம்பத்தைந்தாவது வயதில் ஒரு முடிவு கட்டினேன். இனி விளக்கு சொல்லும், எல்லோரும் கேட்பார்கள். எல்லோரும் என்றால் நானும் என் மனைவி இந்திராணியும்.

மகள் சர்மிளா லண்டனில் பிள்ளை பெற்றிருந்தாள். ஞாயிறு மாலையில் கம்பியூட்டரில் பேரனைக் காட்டுவாள். எங்கள் ஊர் ஓப்பநாயக்கவுக்கு அப்போதுதான் வந்திருந்த இன்டர்நெட் அது. பேரன் சிரிக்கத் தொடங்குவான், படம் நின்றுவிடும். மறுபடி ஓடும்போது அழுதுகொண்டிருப்பான். நடுவில் நடந்ததைப் பாட்டி பார்க்க முடியாது.

"கடைவீதியிலே மின்சாமான் கடை. பேரு 'எலக்ட்ரிக்கல் நாகலிங்கம்'. பேரப்புள்ள சிரிக்கிறத முழுசாக் காட்ட முடியல" என்றாள் இந்திராணி.

"பேண்ட்வித்தை அளக்கணும்."

"அதுக்கு டேப் போதுமே. போன தீபாவளிக்கே இடுப்புல ரெண்டு இஞ்சு பிரிச்சுவிட்டேன்."

"அது என் பேண்ட்டு. நான் சொல்றது லைனோட அகலம்."

"லைன் அகலமா? நான் பொறந்த லைன்ல ரெண்டு பேர் எதிரும் புதிருமா நடக்க முடியாது."

தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் பிறந்தவளுக்கு இன்டர்நெட் லைனை எப்படி விளக்குவது? விட்டுவிட்டேன்.

ஒரு பழைய கம்பியூட்டரை மரப்பெட்டியில் வைத்து, கூடத்து மூலையில் நிறுத்தினேன். அது நிமிடத்துக்கு ஒருமுறை வெளிநாட்டிலிருந்து பெரிய படமொன்றை இறக்கி, எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று தானாக அளக்கும். வேகம் இருந்தால் 'டக்' என்று பச்சை விளக்கு. குறைந்தால் 'டக்' என்று சிவப்பு. கூடவே ஒரு சட்டமும் போட்டேன். சிவப்பு எரிந்தால் யாரும் கூடத்துக் கம்பியூட்டரைத் தொடக்கூடாது. லைனுக்கு ஓய்வு வேண்டும்.

"அந்நேரம் நீங்க சும்மாதானே இருப்பீங்க?" என்றாள் இந்திராணி.

"ஆமா."

"அப்ப ஒரு தேங்காயைத் திருவித் தாங்களேன்."

சட்டம் போடுகிறவன் கொஞ்சம் இறங்கியும் வரவேண்டும். சம்மதித்தேன்.

பெட்டி வேலை செய்தது. சிவப்பு எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது. நான் திருவிக்கொண்டே இருந்தேன். அந்த ஞாயிறு மட்டும் சட்டத்தைத் தளர்த்தினேன்; பேரன் கட்டம் கட்டமாக உடைந்து, கடைசியில் மூக்கு மட்டும் மிஞ்சினான்.

"இனிமே போட்டோவே அனுப்புறேம்மா" என்றாள் சர்மிளா.

இந்திராணி எழுந்துபோய் என் பெட்டியையே சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். டெலிபோன் கந்தோருக்குப் போய் அங்கிருந்த அதிகாரியிடம் சத்தம் போட்டேன். அவர் சோதித்துப் பார்த்து, "லைன் ஹொந்தாய் மாத்தயா" என்று சிங்களத்தில் சொன்னார். நல்ல லைனாம். என் பெட்டி பொய் சொல்லுமா?

"மகளை இன்னும் ஒரு ஞாயிறு கம்பியூட்டர்ல வரச் சொல்லுங்க" என்று இந்திராணி கேட்டாள்.

அந்த ஞாயிறு பச்சை எரிந்தது. பேரன் முழுசாகச் சிரித்தான். இந்திராணி திரையைத் தொட்டுத் தொட்டு அழுதாள். அதற்கடுத்த ஞாயிறும் பச்சை. நான் கந்தோரில் போட்ட சத்தம் எங்கேயோ போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஆனாலும் ஒரு மர்மம். நான் கம்பியூட்டரில் செய்தி படிக்க உட்கார்ந்து சுவை பிடிக்கும் நேரம் சிவப்பு எரியும். எழுந்துபோய்த் தேங்காய் திருவுவேன். திருவி முடித்தால் பச்சை. ஊரெல்லாம் சமைக்கிற நேரத்தில் லைன் களைத்துப்போகிறதோ? மனித வாழ்வுக்கும் மின்காந்தத்துக்கும் ஏதோ தொடர்பிருப்பதாக ரொம்ப யோசித்தேன். எனக்கு யோசிக்கத்தான் வரும்.

இந்தத் தத்துவத்தை எதிர்க்கடை ஜுனைதீனிடம் சொல்லி, பெட்டியைக் காட்ட அழைத்து வந்தேன்.

"மொதலாளி, ஒங்கட மெசின்ல கருவாட்டு வாடை வருதே" என்றார்.

"வயர் சூடானால் அப்படித்தான் மணக்கும்" என்று பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே கம்பியூட்டர் இல்லை. ஒரு கிலோ நெத்தலிக் கருவாடு இருந்தது.

ஜுனைதீன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெட்டிக்குப் பின்னால் இரண்டு விளக்கின் வயரும் சுவரோரமாகப் போய்க் குசினிக்குள் நுழைந்தன. நானும் போனேன். அடுப்புக்குப் பக்கத்தில் இரண்டு புது சுவிச்சுகள்.

"இந்திராணி!"

"கத்தாதீங்க. சுவிச்சு நம்ம கடையில எடுத்ததுதான். மழைக்கு ஈரம் புடிக்காத பெட்டி அது ஒண்ணுதான், அதான் நெத்தலி. உங்க மிசின் கட்டிலுக்கடியில பத்திரமா இருக்கு."

"யார் வயரை இழுத்தது?"

"கலியாணம் கட்டின நாள்லருந்து கடையில ஒக்கார்ந்திருக்கேன். ரெண்டு வயரு முறுக்கத் தெரியாதா?"

"லைனைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"நான் பொறந்த லைன் முழுக்கத் தண்ணிக்கு ஒரே பீலிங்க. பீலியில தண்ணி வருதான்னு பார்க்க ஒருத்தன் எந்நேரமும் குடத்தை வச்சுகிட்டே நின்னா, மத்தவங்களுக்கு ஏது தண்ணி? உங்க மிசின் அளந்து அளந்தே எல்லாத்தையும் குடிச்சிருச்சு. புள்ளைக்கு மூக்கு மட்டும் மிஞ்சினது அதனாலதான்."

நான் அளந்ததால்தான் குறைந்ததா? வாழ்க்கையில் வேறு எதையெல்லாம் இப்படி அளந்தே தீர்த்தேன்? ஜுனைதீன் போகும் வரை காத்திருந்தேன்.

"சரி, மிசினைக் கழட்டிட்டே. விளக்கு எதுக்கு?"

"நீங்க ஆசையாப் போட்டது. அணைஞ்சு கிடந்தா மனசு வாடுமே."

"அந்தத் தேங்காய்?"

"அது சட்டமாச்சே. நீங்க போட்டது."

மானமுள்ளவன் என்ன செய்வான்? இனி அந்த விளக்கு எரிந்தாலும் அசையமாட்டேன் என்று உரக்கச் சொன்னேன். "சரிங்க" என்றாள். மறுநாள் கம்பியூட்டரில் செய்தி படித்துக்கொண்டிருந்தேன். குசினியில் 'டக்' என்று கேட்டது. சிவப்பு எரிந்தது. பெட்டியில் நெத்தலிதான் இருக்கிறது என்று தெரியும். சுவிச்சில் யார் விரல் என்றும் தெரியும். கால்கள் மட்டும் எழுந்துவிட்டன.

ஆனால் இந்தத் தடவை பாதித் தேங்காயோடு நிறுத்திவிட்டேன். எனக்கும் ஒரு மரியாதை இருக்கிறதல்லவா?

அன்றைக்கு அவளுக்குப் பாதிதான் தேவையாக இருந்ததாம்.