கண்ணாடி மணியும் மூன்று மாப்பிள்ளைகளும்

"மாப்பிள்ளை, பொண்ண நல்லாப் பாத்துக்குங்க" என்று சாம்பசிவம் இரண்டாம் தடவையாகச் சொன்னார்.

மாப்பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் சாம்பசிவத்தின் மகள் பாஞ்சாலையின் முகத்தை அல்ல, கழுத்தில் கிடந்த கண்ணாடி மணிமாலையை. அதோடு விட்டாரா? மாலையைக் கழற்றித் தரச் சொல்லி, ஒரு மணியைக் கடித்தும் பார்த்தார்.

"இத நீயே செஞ்சதாம்மா?"

"ஆமாங்க. பழைய போத்தல ஒடச்சு, அப்பா ஈயம் பத்தவைக்கிற விளக்குல உருக்கி, கம்பில சுத்துவேன். சூடான சாம்பல்ல பொதச்சு மெதுவா ஆறவச்சாத்தான் வெடிக்காது."

"கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று கம்போங் ராஜாவிலிருந்து வந்த கோஷ்டி கேசரியைத் தின்றுவிட்டுக் கிளம்பியது. கேசரி சாம்பசிவமே கிண்டியது.

அவருக்கு அவசரம். தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. தீபாவளியோடு வேலை முடிகிறது. அப்புறம் லயத்து வீட்டை மேனேஜரிடம் ஒப்படைத்தாக வேண்டும். தாயில்லாப் பெண்ணை எந்தக் கூரையின் கீழ் நிறுத்துவது? அதற்குள் ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும்.

அவளோ பிரிஞ்சாங் இரவுச் சந்தையான பாசார் மாலாமில் மணிக்கடை போடுகிறேன் என்கிறாள்.

"வயசுப் பொண்ணு ரோட்டுல கடை போடுறதா? கண்ட யாவாரியும் நம்ம வீட்டுப் படி ஏறுறதா? என் உசுரு இருக்கறவரைக்கும் நடக்காது லா!" என்று அவர் ஒரே போடாகப் போட்டிருந்தார்.

பதில் வராமல் போகவே, தரகர் நாகரத்தினத்திடம், "எல்லாம் அந்த மணியால வந்த வினை. அடுத்த தடவ அது கண்ணுலயே படக்கூடாது" என்றார்.

"ஐயோ, அப்படிப் பண்ணிடாதீங்கண்ணே!" என்று தரகர் பதறினார்.

சாம்பசிவம் கேட்பவரா? எல்லா மணிகளையும் பிஸ்கட் டின்னில் கொட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

கோலா தெர்லாவிலிருந்து வந்த இரண்டாம் மாப்பிள்ளைக்கு, பாஞ்சாலையின் வெறுங்கழுத்தைப் பார்த்ததும் முகம் தொங்கிப்போயிற்று.

"மணி எங்க?"

"அதையெல்லாம் விட்டுட்டா தம்பி. இனிமே தொடவே மாட்டா" என்றார் சாம்பசிவம் பெருமையாக.

அவ்வளவுதான். மாப்பிள்ளை தேநீரைக்கூடத் தொடாமல் எழுந்து, நாகரத்தினத்தை முறைத்தபடி வேனில் ஏறிவிட்டார். மிச்சக் கேசரியைச் சாம்பசிவமே தின்று தீர்த்தார்.

ஓகோ, மணிதான் வேண்டுமா? மூன்றாம் மாப்பிள்ளை ஈப்போவிலிருந்து வந்தபோது, டின்னில் இருந்ததை எல்லாம் மகளின் கழுத்து, கை, கூந்தல் என்று தேரை அலங்கரிப்பதுபோல் மாட்டிவிட்டார். பாவம், அவளால் நிமிரக்கூட முடியவில்லை.

மாப்பிள்ளையோடு வந்த அக்காளுக்கு வாயெல்லாம் பல். ஒவ்வொன்றாகக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பையில் போட்டுக்கொண்டாள். கடைசியில் பாஞ்சாலையின் காதில் ஏதோ சொல்லிக் கன்னத்தைத் தட்டிவிட்டு எழுந்தாள். பை நிறைந்திருந்தது.

சாம்பசிவம் பின்னாலேயே ஓடினார். "தேதி எப்ப வச்சுக்கலாம்?"

"மொதல்ல இது எப்படிப் போகுதுன்னு பாப்போங்க" என்றார் மாப்பிள்ளை. வண்டி தேயிலை மலையில் இறங்கி மறைந்தது.

சாம்பசிவம் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது.

"மணிய எடுத்துக்கிட்டுப் பொண்ண விட்டுட்டுப் போறானுங்களே, நாகரத்தினம்! வந்த மூணு பேருமே வேணாம்னுட்டானுங்க. என் பொண்ணுக்கு என்னய்யா கொறச்சல்? தாயில்லாதவன்னு எளக்காரமா?"

பாஞ்சாலை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் அழுகையைக் காணோம்.

"அப்பா, பிரிஞ்சாங்குல ஒரு எடம் பாத்திருக்கேன். கீழ பட்டறை, மேல ரெண்டு ரூம்பு. நீங்களும் நானும் தாராளமா இருக்கலாம்."

"எடமா? அதுக்கு வாடகை யாரு குடுப்பா?"

அவள் தரகரைப் பார்த்தாள். நாகரத்தினம் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டு சொன்னார்:

"ஒங்க பொண்ண இதுவரைக்கும் ஒருத்தரும் வேணாம்னு சொல்லலண்ணே, வந்த மூணு பேருமே பொண்டாட்டி புள்ள உள்ள வளையல் கடைக்காரங்க."