புனித ரோக்கோ குனிந்த விவகாரம்

மொந்தெலுப்பாரோ, கலாப்ரியா
அக்டோபர் ஒன்பது

எழுத்தாளராகிவிட்ட என் தம்பி மகள் ஒர்நெல்லாவுக்குப் பெரியப்பா கோசிமோ நிறைய ஆசீர்வாதத்துடனும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான கோபத்துடனும் எழுதுவது.

இங்கே நான் சுகம். உன் பெரியம்மா சுகம். உன் அம்மா அசுந்தா போன வாரம் கத்திரிக்காயை எண்ணெயில் ஊறப்போட்டுப் பதினெட்டு புட்டி அடைத்து வைத்தாள், அதில் ஆறு உனக்கு வரும். என் வலது முழங்கால் மட்டும் சுகமில்லை. அதற்கு நீதான் காரணம், பின்னால் சொல்கிறேன். தூரினோவில் இப்போதே குளிர் ஆரம்பித்திருக்கும், கழுத்தைப் போர்த்திக்கொண்டு வெளியே போ.

மரியாதை முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உன் துப்பறியும் நாவல் ஜூலையில் ஊருக்கு வந்து சேர்ந்தது. ஒரே ஒரு பிரதிதான் வந்தது, அது முடிவெட்டுகிற கடையில் இருக்கிறது, ஊரே அங்கே போய் வரிசையில் உட்கார்ந்து படிக்கிறது, மொட்டைத் தலையர்கள்கூட முடிவெட்டிக்கொள்ள வருகிறார்கள் என்றால் பார்த்துக்கொள். யாரும் முழுசாகப் படிப்பதில்லை, அவரவர் வருகிற பக்கத்தை மட்டும் படித்துவிட்டு எழுந்து போகிறார்கள். இதில் வருகிறவர்கள் எல்லாம் கற்பனை என்று முதல் பக்கத்தில் போட்டிருக்கிறாயே, அந்த ஒரு பக்கத்தைத்தான் இங்கே எவனும் நம்பவில்லை. சிமெண்ட் வியாபாரம் செய்கிற ஒரு குடும்பம், அதன் பெரியவர் சொன்னபடி ஆடுகிற ஒரு மேயர், திருவிழாப் பவனியில் அந்தப் பெரியவர் வீட்டு பால்கனிக்குக் கீழே வந்ததும் புனிதரின் சொரூபத்தையே குனிய வைத்து வணக்கம் போடுகிற தூக்கிகள், அடுத்த நாள் சிமெண்ட் குழியில் ஒரு பிணம். இதை எழுதிவிட்டு ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் ஆச்சா? மணிக்கூண்டில் கடிகாரம் ஏழு நிமிஷம் பிந்தி ஓடும் என்று வேறு எழுதியிருக்கிறாய்!

மேயர் நிக்கோதேமோ மறுநாளே என் வீட்டுக்கு வந்துவிட்டார். முகம் தக்காளிப்பழம்.

"ஏன் கோசிமோ அண்ணே, உங்க பொண்ணு இப்படியா எழுதுவா? நான் டெண்டர்ல கை வெச்சேன்னு எழுதட்டும், அது அரசியல், யாரும் கண்டுக்க மாட்டான். பதினாலாம் பக்கத்துல மேயர் விக்கு வெச்சிருக்கார்னு எழுதியிருக்காளே! இழுத்துப் பாருங்க. சும்மா இழுங்க!"

இழுத்துப் பார்த்தேன். கொஞ்சம் கையோடு வந்தது. நான் பார்க்காத மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவரும் போய்விட்டார்.

அதற்கு அடுத்த நாள் தோன் ஜெரார்தோ கூப்பிட்டனுப்பினார். நிஜமான சிமெண்ட்காரர். போகிற வழியெல்லாம் தெரிந்த ஜெபத்தை எல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். மனுஷர் செருப்பில்லாமல் உட்கார்ந்து உப்புமீனை ஊறவைத்துக்கொண்டிருந்தார். காபி கொடுத்தார். ஒரு மீனை எடுத்துப் புரட்டிப் போட்டார். பிறகு கேட்டார்:

"ஏம்பா கோசிமோ, உன் மக என்னை நூத்திப்பத்தாம் பக்கத்துலயே சாகடிச்சுட்டாளாமே?"

"அது கதைங்க, தோன் ஜெரார்தோ."

"சரி, கதைதான். ஆனா புஸ்தகம் நானூறு பக்கம்ல? மிச்சம் இருநூத்தித் தொண்ணூறு பக்கத்துக்கு நான் இல்லாம என்னதான்பா பண்றா?"

பார், அவருக்கு வருத்தம் அவ்வளவுதான்.

இந்தக் குனிகிற விஷயத்தைப் பற்றி நீ தெரியாமல் எழுதிவிட்டாய் என்பதால் விளக்குகிறேன். நம் ஊரில் அதிகாரம், செல்வாக்கு, அந்த மாதிரி அசிங்கம் எதுவும் கிடையாது. தோன் ஜெரார்தோ வீட்டு வாசலில் ரோட்டில் ஒரு குழி இருக்கிறது, சொரூபப் பல்லக்கின் முன்தண்டு தூக்குகிறவன் அதில் கால் வைத்தால் சொரூபம் தானாக முன்னால் சாயும், அவ்வளவுதான். அந்த ரோட்டைப் போட்டது அவருடைய கம்பெனி என்பது உண்மை. குழியை மூட முனிசிபாலிட்டி மூன்று தடவை டெண்டர் விட்டது, மூன்று தடவையும் அவரே எடுத்தார், குழி அப்படியே இருக்கிறது என்பதும் உண்மை. இதில் அதிகாரம் எங்கே வந்தது? இது குழி.

ஆனால் உன் புத்தகத்தைப் படித்த ஜனங்களுக்குக் குழி தெரியவில்லை, குனிவதுதான் தெரிந்தது. புனிதர் குனிந்தால் அந்த வீட்டுக்குப் பெரிய மரியாதை என்று எல்லாருக்கும் நீ பாடம் எடுத்துவிட்டாய். ஆகஸ்ட் பதினாறு, பவனி கிளம்புகிறது, நான் வழக்கம்போல முன் இடது தண்டில். மருந்துக்கடைக்காரர் மனைவி பால்கனியில் கல்யாணப் பட்டுப் போர்வையைத் தொங்கவிட்டுக்கொண்டு தெருவே கேட்கிற மாதிரி கத்துகிறாள்: "கோசிமோ அண்ணே! சிமெண்டுக்காரருக்கு மட்டும்தான் சாமியா? நாங்க என்ன வேற மதமா?" பொது இடத்தில் எதற்கு வம்பு என்று ஒரு விரற்கடை தோளை இறக்கினேன், அது எதிர்வீட்டுப் பத்திர எழுத்தர் கண்ணில் பட்டது, அவருக்கு ஒன்றரை விரற்கடை, பிறகு ஆளும்கட்சி ஆபீஸ், அதே அளவு எதிர்க்கட்சி ஆபீஸ், பிறகு பல் டாக்டர், பிறகு பல் டாக்டரோடு பேச்சுவார்த்தை இல்லாத அவர் அண்ணன். கராபினியேரி ஸ்டேஷன் பால்கனியில் ஆளே இல்லை, துவைத்த காற்சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது, அதற்கும் குனிந்தோம், விட்டால் போலீஸ் தப்பாக நினைக்கும். மொத்தம் நாற்பது பால்கனி! வாணவேடிக்கைக்காரன் எட்டு மணிக்குச் சாமி வந்ததா என்றுகூடப் பார்க்காமல் கொளுத்திவிட்டான். பங்குச் சாமியார் தோன் வித்தோரினோ, "கோசிமோ, இது பவனியா, புனிதருக்கு முதுகுப் பயிற்சியா?" என்று பல்லைக் கடிக்கிறார்.

கடைசியில் தோன் ஜெரார்தோ வீடு. உன் புத்தகம் பொய் என்று ஊருக்கும் உலகத்துக்கும் காட்ட, அங்கே மட்டும் குனியாமல் நிமிர்ந்து போவது என்று நாங்கள் முன்கூட்டியே முடிவு செய்திருந்தோம். உன் புத்தகத்தால் ரெஜ்ஜோவிலிருந்து ஒரு நிருபன் வேறு கேமராவோடு வந்து நின்றான். நான் நெஞ்சை நிமிர்த்தி, தலையைத் தூக்கி, ரோட்டைப் பார்க்காமல் நடந்தேன். ஐயோ, குழி! நாற்பத்தொன்பது வருஷமாகக் கால் வைக்கிற குழியை அன்றைக்குத்தான் மறந்தேன். முழங்கால் மடங்கியது, புனிதர் மூக்கு தரையில் படுகிற அளவுக்குக் குனிந்தார், அவர் காலடியில் ரொட்டியைக் கவ்விக்கொண்டு நிற்கிற மர நாய் பிய்த்துக்கொண்டு பறந்து பால்கனியில் நின்ற தோன் ஜெரார்தோவின் கையிலேயே போய் விழுந்தது. மறுநாள் பேப்பரில் பெரிய படம்: மண்டியிட்ட நான், குப்புறக் குனிந்த புனிதர், மேலே நாயைக் கொஞ்சிக்கொண்டு தோன் ஜெரார்தோ. இப்போது பங்குச் சாமியாருக்கெல்லாம் மேலே இருக்கிற ஆயர் கடிதம் போட்டிருக்கிறார். அடுத்த வருஷம் பவனி கிடையாது. புனிதர் குனிகிற அந்த அத்தியாயம் வெறும் கற்பனை என்று எழுதியவளே கைப்பட எழுதித் தந்தால் மட்டும் யோசிப்பாராம்.

அடுத்த வருஷம் எனக்கு ஐம்பதாவது வருஷம் அம்மா. அந்தத் தண்டு எங்கள் அப்பாவுடையது. வலது தண்டு உன் அப்பா சாகிறவரை அவனுடையது. எழுபத்தொரு வயசில் எனக்கென்று வேறு என்ன இருக்கு சொல்லு? உன் புஸ்தகத்தை இந்த ஊரில் முழுசாப் படிச்சவன் நான் ஒருத்தன்தான், தெரியுமா? அதில் என்னைத் தேடினேன். பேர்கூட வைக்கலை. "யாரும் சொல்லாமலே தோளைத் தாழ்த்துகிறவன்" என்று ஒரே ஒரு வரி. அதைப் படிச்சு ரெண்டு நாள் சாப்பிடப் பிடிக்கலை. யாரும் சொன்னதில்லைதான். ஒரு தடவைகூட எவனும் சொன்னதில்லை. அதுதான் எனக்கு எரியுது. குழி என்று சொல்லிக்கொண்டிருக்கிறேனே, குழியைச் சுற்றிப் போகவும் இடம் இருக்கு, அது எனக்கும் தெரியும்.

சரி, விடு. ஆயருக்கு நாலு வரி எழுதிப் போடு. செல்வாக்கு, சிபாரிசு எதுவும் இல்லாமல் நேர்மையாகக் கேட்கிறேன். நம் குடும்பத்தில் அந்தப் பழக்கம் கிடையாது.

புனித ரோக்கோ உன்னையும் உன் பேனாவையும் காக்கட்டும், முக்கியமாகப் பேனாவிடமிருந்து எங்களைக் காக்கட்டும்.

உன் பெரியப்பா,
கோசிமோ

பின்குறிப்பு: இதை ஒட்டப் போகிற நேரத்தில் மேயர் வந்தார். நீ ஆயருக்கு ஒன்றும் எழுத வேண்டாம், எல்லாம் முடிந்துவிட்டது, அடுத்த வருஷம் பவனி உண்டு. ஆயரின் செயலாளருக்கு வேலையில்லாத ஒரு மருமகன் இருக்கிறானாம். ஒன்பது வருஷமாகப் பூட்டிக் கிடக்கிற நம் நூலகத்தைத் திறந்து அவனை அதற்கு அதிகாரியாகப் போட்டாயிற்று. நூலகத்துக்குப் புதுக் கட்டடம் தோன் ஜெரார்தோ கட்டுகிறார், முதல் கொள்முதலாக உன் புத்தகம் இருநூறு பிரதி. ஆயர் கேட்ட கடிதத்தையும் உன் பெயரில் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன், பள்ளிக்கூடத்தில் உன் மார்க் அட்டையில் உன் அப்பா கையெழுத்தைப் போட்டவன்தானே நான். நூலகத் திறப்புக்காக ஓர் இலக்கியப் பரிசும் ஏற்படுத்தியிருக்கிறோம். நடுவர்கள் நான், மேயர், தோன் ஜெரார்தோ. ஒருமனதாக உனக்குத்தான். அடுத்த பதிப்பில் மேயருக்கு நல்ல அடர்த்தியான முடி வைத்தால் போதும். ஆகஸ்ட் பதினாறுக்கு இப்போதே ரயில் டிக்கெட் எடுத்து வை. நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு உன் அம்மாவோடு உங்கள் வீட்டு பால்கனியில் நில். அங்கே ரோட்டில் குழியும் இல்லை, என்னிடம் யாரும் சொல்லவும் இல்லை. நானாகத்தான் தோளைத் தாழ்த்தப் போகிறேன்.