மாம்பழ வாசனை வந்த இஸ்திரி மேசை

நேத்து ஒரே ஒரு வேலைதான். மூணு வீட்டுத் துணியை மத்தியானத்துக்குள்ள தேச்சுக் குடுக்கணும்.

வானகரத்துல ஒரு ஃபிளாட்டு. கேட்டுப் பக்கத்துல என் இஸ்திரி வண்டி. வேலை சீக்கிரம் ஆவட்டும்னு மூணு மூட்டையையும் ஒண்ணாக் கொட்டினேன். உதறும்போது டொக்குனு ஒண்ணு விழுந்துச்சு.

கட்டைவிரல் நீளம், மஞ்சக் கலரு. மோந்து பாத்தேன். மாம்பழ வாசனை.

எந்த வீட்டுப் பாக்கெட்ல இருந்து விழுந்துச்சுன்னு தெரியல.

எங்க தொழில்ல ஒரு வழக்கம். பாக்கெட்ல கெடைச்சது மோதிரமோ பஸ் டிக்கெட்டோ, அன்னிக்கே அந்த வீட்டுக்குப் போயிடணும். ஒரு ராத்திரி நம்மகிட்ட தங்கினா திருடின்னு பேராயிடும். அப்புறம் ஒரு வீட்டுத் துணியும் வராது.

இது பென் டிரைவுன்னு நெனைச்சேன். எல்லாம் ஐடி பசங்க. எந்தப் புள்ளையோட வேலை இதுக்குள்ள மாட்டிகினு கீதோ. போட்டோ புடிச்சு ஃபிளாட் வாட்ஸ்அப் குரூப்புல போட்டேன். கூடவே வாய்ஸு: "யாரோ புள்ளையோட ஆபீஸ் சாமான் என்கிட்ட கீது. மாம்பழ வாசனை வருது. பத்திரமா வெச்சிருக்கேன், வந்து வாங்கிக்கோங்க."

எப்பவும் குட்மார்னிங் கொட்டற குரூப்பு. கப்சிப்.

பத்து நிமிஷத்துல ஒரு பையன் ஓடியாந்தான். கால்ல செருப்பு இல்ல. வாசனை மாம்பழம்தானான்னு ரெண்டு வாட்டி கேட்டான். ஆமான்னேன்.

"அப்பாடா. என்னுது புதினா, ஆன்ட்டி."

அடுத்து காலேஜ் போற பொண்ணு. அவளுது தர்பூசணியாம். மூணாவதா ஒருத்தன் எட்டிப் பாத்தான், கன்னத்துல போட்டுகினான், போயிட்டான். அவங்க வீட்டுத் துணி அன்னிக்கு என்கிட்ட வரவே இல்ல.

பென் டிரைவுல இத்தனை ருசி கீதான்னு வாட்ச்மேன் அண்ணனைக் கேட்டேன். அவரு என்னை ஏற இறங்கப் பாத்தாரு.

"அது கரண்டு சிகரெட்டு. கவர்மெண்டு தடை பண்ணது. அதைப் போய் நீ கூவிக் கூவிக் குடுத்துகினு கீற."

அழிச்சிடலாம்னு போனை எடுத்தா, எல்லாரும் கேட்டு முடிச்சாச்சு.

மூணு வீட்டம்மாவும் எறங்கி வந்துட்டாங்க. முதல் அம்மா, எம்புள்ள அப்படிப்பட்டவன் இல்ல, மத்த ரெண்டு வீட்டைப் பாருன்னாங்க. ரெண்டாவது அம்மாவும் அதையேதான் சொன்னாங்க. மூணாவது அம்மா ஒவ்வொரு சட்டையா எடுத்து மோந்து பாத்தாங்க. அதைப் பாத்துட்டு மத்த ரெண்டு பேரும் மோந்தாங்க. என் கஞ்சி வாசனைதான் வந்திருக்கும்.

எங்க வீட்டுது இல்லன்னு சத்தியம் பண்ணுன்னாங்க, மூணு பேரும் தனித்தனியா.

"கலந்துடுச்சு தாயி. கற்பூரம் அடிச்சாலும் எனக்குத் தெரியாது."

பாதி தேச்சதும் தேக்காததுமா மூட்டையைத் தூக்கினு போயிட்டாங்க. ஃபிளாட் செகரட்டரி வந்து அந்தச் சாமானைப் பேப்பர்ல சுருட்டி எடுத்துகினாரு. இனிமே குரூப்புல பேசாதன்னு ஒரு உத்தரவு வேற. பதினோரு வருஷப் பொழப்பு போச்சுன்னு கரியை அணைச்சிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

இன்னிக்குக் காலையில வண்டியை வேற தெருவுக்குத் தள்ளிகினு போலாம்னு போனேன். வண்டி மேல ஒம்போது மூட்டை. பிரிச்சேன். ஒவ்வொரு பேண்டுலயும் பாக்கெட்டு வெளிய, நாக்கை நீட்டிகினு கெடக்கு.

பாக்கெட்டைப் பாத்துத் துணி போடுங்கன்னு பதினோரு வருஷமா கத்தினேன். ஒரு வாய்ஸ் மெசேஜ் போதும்னு யாரும் சொல்லல.