துரையின் கன்னத்தில் ஒரு பொட்டு

பினாங்குப் பாலத்தின் நடுவில், நகராத வாகன வரிசையில்தான் தனுஜா அதைப் பார்த்தாள். மடியில் கிடந்த முயல் துரையின் பால்வெள்ளைக் கன்னத்தில் கன்னங்கரேலென்று ஒரு பொட்டு!

"ரமணி! யாரைக் கேட்டு என் துரைக்குத் திருஷ்டிப் பொட்டு வச்ச?"

பின்சீட்டிலிருந்த நாத்தனார் திடுக்கிட்டாள். "ஐயோ அண்ணி, நான் வைக்கலலா!"

"இந்தப் புதுக் கெரேத்தாவோட முன்கண்ணாடிக்கே மைப்பொட்டு வச்சவதானே நீ?"

"கெரேத்தாவுக்கு வச்சேன். முயலுக்கு வைக்கல!"

தனுஜாவுக்கு ரத்தம் கொதித்தது. துரை சாதாரண முயலா? பிரெஞ்சு லோப் என்ற தொங்குகாது இனம். நாலரை கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது விதி. துரை ஆறு கிலோ. காதுகள் தாடைக்குக் கீழே லாடம்போல் வளைந்து தொங்க வேண்டும், அழகாகத் தொங்கின. ஆனால் ரோமத்தில் சாயம் இருந்தால் அந்த நிமிடமே போட்டியிலிருந்து நீக்கம். செபராங் ஜெயா கண்காட்சிக் கோப்பைக்காகப் பிள்ளைபோல் வளர்த்தது இதற்குத்தானா?

கார் ஓட்டிக்கொண்டிருந்த கணவன் சிவநேசனிடம் திரும்பினாள். "இவளுக்கு ஆரம்பத்திலிருந்தே பொறாமை! பிரான்சுல இதைக் கறிக்குத்தான் வளர்த்தாங்களாம்னு நீங்க சொன்னதும், 'பிரட்டல் போட்டா எத்தனை பேருக்கு வரும்'னு கேட்டாளே!"

"அது சும்மா விளையாட்டுக்கு அண்ணி…"

"சண்டை போடாதீங்கலா," என்றான் சிவநேசன். "காலையில நீ பாத்ரூமைப் பூட்டிக்கிட்டு அவ்ளோ நேரம் குளிக்காம இருந்திருந்தா, இந்த ஜேம்ல மாட்டியிருக்கவே மாட்டோம். புதுக் கெரேத்தான்னுதான் பேரு, ஏர்கோன் வேற செத்துப்போச்சு."

"வாயை மூடிட்டு ஓட்டுங்க!"

வியர்வை வழிய, துரையை நெஞ்சோடு அணைத்து, குனிந்து ஈரத்துணியால் தேய்த்தாள். பொட்டு சாம்பலாகப் பரவியது. இன்னும் குனிந்து தேய்த்தாள். காதோரம் இன்னொரு பொட்டு முளைத்தது!

"என்ன எழவு மைடி இது? துடைக்கத் துடைக்கப் பெருகுது!"

ரமணி அழுதுகொண்டே பவுடர் டப்பாவை நீட்டினாள். தனுஜா பிடுங்கிக் கொட்டினாள். துரை தும்மியது. ஈரத்தில் பவுடர் குழைந்து, வெள்ளை முயல் அடுப்படிப் பூனையாகிப் போனது.

"இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காதே!"

மண்டபத்தில் நடுவர் ஹைதர் துரையை மேசையில் வைத்து, காதைத் தூக்கிப் பார்த்தார். சிவநேசனுக்கோ பெருமை தாங்கவில்லை.

"நம்ம வீட்ல எல்லாமே ஒரிஜினல் அண்ணே! இந்தா, என் மனைவியைப் பாருங்க. அம்பது வயசாச்சு, ஒத்த நரை கிடையாது!"

ஹைதர் ஒரு டிஷ்யூவால் முயலின் கன்னத்தை ஒற்றினார். கறுப்பு. "சாயம்," என்றார்.

"எல்லாம் இந்தப் பாவி வேலை!" தனுஜா ரமணியை நோக்கி விரலை நீட்டி, மேசைமேல் குனிந்து கத்தினாள். "இவளை என்ன செஞ்சா தகும், நீங்களே சொல்லுங்க!"

துரையின் முதுகில் டப்பென்று புதிதாக ஒரு பொட்டு விழுந்தது.

ஹைதர் அதைப் பார்த்தார். நிமிர்ந்து தனுஜாவைப் பார்த்தார். பிறகு டிஷ்யூப் பெட்டியை மெல்ல அவள் பக்கம் தள்ளினார்.

"முதல்ல உங்க நெத்தியைத் துடைங்கக்கா… சாயம் உங்க தலையிலேருந்துதான் சொட்டுது."